கழுத்துப்பட்டையில் ஒரு சிவப்பு நூல்

என் மேசை லாச்சிக்குள் ஒரு சிவப்பு நூற்கட்டை கிடக்கிறது. லண்டனில், மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் நான் நடத்தும் சலவைக் கடையில் அதற்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் எறிய மனம் வரவில்லை.

ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி லண்டனுக்கு வந்த புதிதில், நாடகக் கம்பனிகளின் உடுப்புகளைக் கழுவும் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். அங்கே கிழிந்ததைத் தைத்தவர் ஓர் இத்தாலியப் பெண்மணி. தையலம்மா என்போம். ஊசியில் நூல் கோத்தபடியே ஒவ்வோர் உடுப்பின் கதையையும் சொல்லுவார். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அவர் சொன்னதை என் தமிழில்தான் எழுதுகிறேன். அவருக்கு மிகப் பிடித்தது, சந்தேகக்காரப் புருஷன் கத்தியால் குத்தும் ஒரு மீன்காரியின் கதை. "நாவலில அவள் சாகிறேல்லை. கிழவியாகிப் பேரப்பிள்ளையளை ஏசிக்கொண்டிருப்பாள். படம் எடுத்தவன்தான் சாகடிச்சான். ஓபராக்காரன் இன்னும் மோசம், குத்துப்பட்டவளைக் கால் மணித்தியாலம் பாட விடுறான்!" என்று சிரிப்பார். எனக்கு அது புதுமையாக இல்லை. எங்கள் கூத்திலும் ராசா பாடிப் பாடித்தானே சாவார்.

ஒரு நாள் அந்த மீன்காரியின் வெள்ளைச் சட்டை ஓபராவிலிருந்து சலவைக்கு வந்தது. நெஞ்சில் பெரிய இரத்தக் கறை. கழுத்தில் ஒரு கடதாசித் துண்டு குத்தியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆங்கிலக் கையெழுத்து பிடிபடாது. யாரிடமும் கேட்கக் கூச்சம். வாசிக்கத் தெரியாதென்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் வேறு. மருந்து போட்டுக் காலை முழுவதும் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கினேன். வெள்ளைத் துணியில் அந்த நிறத்தை என்னால் விட்டுவைக்க முடியாது.

முதலாளி அண்ணை துண்டைத் தூக்கிக் காட்டினார். "வேர்வையை மட்டும் எடு, கறையில கை வைக்காதை எண்டு எழுதிக் கிடக்கு. உது சாயமடாப்பா! பின்னேரம் அவைக்கு மேடை. உனக்கென்ன, வாசிக்கத் தெரியாதோ?"

தையலம்மா எழுந்து வந்தார்.

"அவனை ஏசாதை. அது என்ர எழுத்து, எனக்கே விளங்காது. ஒரு மணித்தியாலம் தா." துண்டு ஓபராவிலிருந்து வந்தது; எனக்காகப் பொய் சொன்னார்.

மேசையில் சட்டையை விரித்து, சாயம் கரைத்து, தூரிகையால் நெஞ்சில் வட்டமாகப் போடப் போனார். என் வாய் தானாகத் திறந்தது.

"அப்பிடி வட்டமாய் வராது அம்மா. கீழ இறங்கும். இடுப்பில, துணி மடியிற இடத்தில தேங்கும்."

அவர் என்னைப் பார்த்தார். தூரிகையை என் கையில் தந்தார். நான் போட்டு முடித்ததும், சாயம் காயும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கு எப்பவும் நாவல்தான் விருப்பம்."

அன்றிலிருந்து, கறை எடுக்கக்கூடாத ஒவ்வோர் உடுப்பின் கழுத்துப்பட்டைக்குள்ளும் சிவப்பு நூலால், பெருக்கல் குறிபோல, ஒரு சிறு புள்ளடி இருக்கும். அது எதற்கென்று எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் வேலையை விட்டுத் தன் ஊருக்குப் போன நாளில் அந்த நூற்கட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

போன மாதம் மகள் என்னைப் படமாளிகைக்குக் கூட்டிப்போனாள். இப்போது ஓபராவை அங்கே பெரிய திரையில் காட்டுகிறார்கள். அதே மீன்காரி. கத்திக்குத்து வாங்கி, கால் மணித்தியாலம் பாடி, விழுந்தாள். சுற்றியிருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

"அப்பா, என்ன அப்பிடி எட்டிப் பாக்கிறியள்?" என்றாள் மகள்.

விழுந்தவளின் கூந்தல் விலகி, கழுத்துப்பட்டை மடிந்து உள்பக்கம் தெரிந்தது. நன்றாகப் பார்த்தேன். சிவப்பு நூல் இல்லை. அப்படியென்றால் அந்தக் கறையைக் கழுவலாம்.