கடைசிப் படகும் கால் மணித்தியாலமும்

எங்கள் குழு யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் போகப்போகிறது என்று தெரிந்த அன்று நான் அலுவலகத்தில் தரையில் கால் படாமல்தான் திரிந்தேன். பாராளுமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக எனக்கு வேலை. தமிழில் பேசுவதைச் சிங்களத்திலும் சிங்களத்தில் பேசுவதைத் தமிழிலும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். தேசியப் போக்குவரத்துக் கொள்கையின் வரைவை அப்போது நான் உரைபெயர்த்த குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. பஸ், ரயில் என்று மாதக்கணக்காக இழுபட்ட பேச்சில் படகு கடைசியில்தான் வந்தது. அதுவும் நான் பிறந்து வளர்ந்த கடல்! அந்தத் தீவுப் பக்கத்துச் சுருவில்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எல்லாவற்றையும் நானே ஒழுங்குபடுத்துகிறேன் என்று கேட்காமலே முன்னால் போய் நின்றேன். அந்த முந்திரிக்கொட்டைத்தனத்தை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

குழுவின் செயலாளர் ஒழுங்கான மனிதர். நெடுந்தீவில் இறங்கியதும் முதல் வேலையாக மக்களின் கருத்தைக் கேட்டுவிடுவோம், சாப்பாடு பிறகு என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தார். நான்தான் மறித்தேன். கடல் கடந்து வந்தவர்களுக்கு முதலில் சோறு, பிறகுதான் கதை, எங்கள் பக்கத்தில் அதுதான் முறை என்றேன். வந்து இறங்கியவர்களின் முகத்துக்கு முன்னால் குறையைக் கொட்ட எங்கள் சனம் கூச்சப்படும், வயிறு நிறைந்த பிறகு மனம் விட்டுப் பேசும் என்றும் விளக்கம் வேறு கொடுத்தேன். ஊர் தெரிந்தவள் சொல்கிறாள் என்று அவர் பேனையை எடுத்து இரண்டையும் இடம் மாற்றினார்.

அன்றைக்கே நெடுந்தீவுக்குப் போன் எடுத்தேன். வேலணைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் அங்கேதான் இருந்தாள். நாரந்தனையில் பிறந்து, நெடுந்தீவில் கடற்றொழில் செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு நாள் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும்.

"எடி, இந்த முறை நீ கதைக்கிறாய். பெரிய ஆக்கள் வருகினம். நான் பக்கத்திலை நிண்டு சிங்களத்திலை சொல்லுவன்" என்றேன்.

"நான் என்னடி கதைக்கிறது?"

"உன்ரை மனிசனுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லு."

பிறகு, "கால் மணித்தியாலம் காணுமடி. வேறொண்டும் வேண்டாம்" என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். சிகிச்சை முடிந்து, பஸ் பிடித்து, அவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்வதற்குள் நெடுந்தீவுக்கான கடைசிப் படகு புறப்பட்டுவிடும். எத்தனையோ நாள் படகின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். படகுக்காரர் நல்லவராக இருந்து, இவள் பஸ்ஸில் இருந்தே போன் எடுத்துக் கெஞ்சினால், கொஞ்சம் தாமதிப்பார். அதுவும் படகில் இருக்கிற மற்றவர்கள் முணுமுணுக்காவிட்டால். தவறவிட்ட நாளில் புருஷனும் பெண்சாதியும் இந்தக் கரையில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்க, பிள்ளைகள் இரண்டும் அந்தக் கரையில். சிகிச்சைக்குப் போனவர்கள் திரும்புகிற கிளினிக் பஸ் வரும்வரை கடைசிப் படகு நிற்க வேண்டும் என்று அட்டவணையில் ஒரு வரி எழுதினால் அந்த மனிதன் அன்றன்றே தன் வீட்டுக்குப் போய்விடுவான். குழு பரிந்துரைத்தால் அந்த வரி வரும். வழக்கமாக அப்படித்தான் வரும்.

போன அன்று காலையில் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. எங்களுக்கென்று வேறு இடத்திலிருந்து கொண்டுவந்திருந்த படகில் பெயின்ற் வாசனை இன்னும் போகவில்லை. நெடுந்தீவுச் சனம் விருந்தென்றால் விளையாட்டில்லை. நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், இறால் பொரியல், கடைசியில் தயிரும் பனங்கட்டியும். குழுத் தலைவர் இரண்டாம் முறையும் சோறு போடச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறையப் பெருமை. பக்கத்து மண்டபத்தில் கதிரைகள் போட்டு, ஒலிவாங்கி வைத்து, பேச்சைப் பதிகிற கருவியும் வைத்திருந்தோம். என் சிநேகிதி நல்ல சேலை உடுத்து முன்வரிசையில் இருந்தாள். கையில், சொல்ல வேண்டியதை எழுதிவைத்த ஒரு கொப்பித்தாள். அவளுடைய மனிசனுக்கு அன்று சிகிச்சை நாள். அவர் தம்பியோடு யாழ்ப்பாணம் போயிருந்தார்.

தயிர் முடியவில்லை, படகோட்டி வாசலில் வந்து நின்றார். "சோளகம் எழும்பீட்டுது. இப்ப வெளிக்கிடாட்டி ஐயாமாருக்குக் கஷ்டம்."

சோளகக் காற்று மத்தியானத்துக்குப் பிறகு எழும்பும் என்று தீவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும்! ஆனால் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து நிகழ்ச்சி நிரல் போட்டபோது சோறுதான் நினைவுக்கு வந்ததே தவிர காற்று வரவில்லை. எல்லோரும் கையைக் கழுவியபடியே ஓடினார்கள். மண்டபத்தில் போட்ட கதிரைகளில் சனம் இருந்தபடி இருந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து எங்களுக்குப் பின்னால் இறங்குதுறைக்கு வந்தது.

அவளும் வந்தாள். தலைவர் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டார். அவள் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "ஐயா, ஒரு நிமிசம்" என்றாள். தலைவர் நின்று, சொல்லச் சொல்லு என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஐயா, என்ரை மனிசனுக்குக் கிழமைக்கு ரெண்டுதரம் யாழ்ப்பாணத்திலை இரத்தம் சுத்திகரிக்க வேணும். விடிய வெளிக்கிட்டுப் போறம். திரும்பி வர கடைசிப் படகு போயிடுது. ஊசி குத்தின கையோடை அந்தாள் வெயிலுக்கை குந்திக்கொண்டு இருக்குது. என்ரை சின்னவள் இந்த இறங்குதுறைக்கு வந்து தேப்பன் வருவாரெண்டு பாத்திட்டு அழுதுகொண்டு திரும்பிப் போறாள். நாங்கள் பாலம் கேக்கேல்லை, றோட்டுக் கேக்கேல்லை. கடைசிப் படகு கிளினிக் பஸ் வருமட்டும் ஒரு கால் மணித்தியாலம் நிண்டால் காணும். நீங்கள் வந்த இந்தப் படகு நாளைக்கு இஞ்சை நிக்காது, ஐயா. எங்கடை படகிலை ஒரு நாள் ஏறிப் பாருங்கோ. ஏறிப் பாத்திட்டு அதுக்குப் பிறகு சட்டம் எழுதுங்கோ."

கடைசி வசனங்களில் குரல் உயர்ந்துவிட்டது. அழவில்லை. கோபம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகில் கால் வைத்தவர்களுக்குக் கசந்த சொல் சொல்லி அனுப்புவதில்லை. புருஷனோடு என்னதான் கொளுவல் என்றாலும் அவன் வலையைத் தூக்கிப் படகில் போட்டுவிட்டால் மனுசி வாயை மூடிவிடுவாள். மிச்சம் அவன் கரைக்கு வந்த பிறகு. கடற்காரனின் பெண்சாதி அன்று அந்த வழக்கத்தை உடைத்தாள். வயல் செய்கிற கமக்காரன் வீட்டில் பிறந்து, வலை எந்தப் பக்கம் ஈரம் என்று தெரியாத நான் அதைக் காப்பாற்றினேன். காற்று வேறு இரைந்துகொண்டிருந்தது. தலைவருக்கு ஏற்கெனவே பயம், முகத்தில் தெரிந்தது. நான் சிங்களத்தில் சொன்னது இதுதான்: "இந்த அம்மா உங்கள் வருகைக்கு நன்றி சொல்கிறார். படகுச் சேவை இன்னும் நல்லாக வேண்டும் என்று விரும்புகிறார். சுகமாகப் போய்வரச் சொல்கிறார்."

தலைவர் சிரித்தார். அவளைப் பார்த்துக் கைகூப்பினார். செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பதிகிற கருவியோ மண்டபத்து மேசையில் இருந்து அப்போதுதான் பெட்டிக்குள் போயிருந்தது. படகு புறப்பட்டது. கொழும்புக்குப் போனதும் அவளிடம் எழுத்தில் வாங்கி ஒழுங்காகச் சேர்த்துவிடலாம் என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இதையாவது நம்புங்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கூட்டக் குறிப்பின் வரைவு என் மேசைக்கு வந்தது. மூன்று மொழியிலும் சரி பார்த்து, பிழை இருந்தால் திருத்தக் கோரலாம். அதற்கென்று சில நாள் தருவார்கள். மக்கள் கருத்து என்ற தலைப்பின் கீழ், பெண்ணொருவர் குழுவின் வருகைக்கு நன்றி தெரிவித்தார், வேறு முறைப்பாடு எதுவும் பதிவாகவில்லை என்று இருந்தது. அவளுடைய கடிதமும் அதற்குள் வந்துவிட்டது. அந்தக் கொப்பித்தாளையே மடித்து அனுப்பியிருந்தாள். எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன்.

அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "எழுத்தில் தருவதற்கான திகதி முடிந்துவிட்டதே. ஆனால் இதை அவர் அங்கே நேரில் சொல்லியிருந்தால் குறிப்பைத் திருத்தலாம். சொன்னாரா?"

ஓம் என்றால், மொழிபெயர்ப்பில் பிழை விட்டேன் என்று நான் கையெழுத்திட்டு ஒரு திருத்தக் கோரிக்கை கொடுக்க வேண்டும். அது என் கோப்பில் ஏறும். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்முகம். கடவுளே, எவ்வளவு கேவலம், அந்த நேரத்தில் நான் அந்த நேர்முகத்துக்கு எடுத்து வைத்திருந்த சேலையைக்கூட நினைத்தேன்.

"இல்லை. பிறகு எழுதி அனுப்பினது" என்றேன்.

படகில் கால் வைத்தவருக்கு நான் சொன்ன பொய்க்கு வழக்கம் என்று ஒரு சாட்டாவது இருக்கிறது. இந்தப் பொய்க்கு ஒரு சாட்டும் இல்லை. வாய் கூசாமல் சொன்னேன்.

அறிக்கை சபைக்குப் போனது. தீவுப் படகுகளைப் பற்றி ஒரு பந்தி. சோளகக் காலத்தில் பாதுகாப்புக்காகக் கடைசிப் படகை முன்கூட்டியே விட வேண்டும், பயணிகளிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்று. சில மாதங்களில் குறிகட்டுவானில் புதிய அட்டவணை ஒட்டினார்கள். அச்சடித்த நேரம், அரை மணித்தியாலம் முந்தி. முன்பு போனுக்கு இரங்கி நின்ற படகுக்காரர்களுக்கும் இனி நிற்க ஏலாது. நான் நேர்முகத்தில் தேறினேன்.

அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? கடைசியில், லீவில் ஊருக்குப் போனபோது, அவர்கள் நாரந்தனையில் அவளுடைய தமையன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சிகிச்சைக்கு வசதியாக இந்தக் கரைக்கு வந்தாயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் குழம்பும் என்று அவர்களை நெடுந்தீவில் மாமி வீட்டில் விட்டிருந்தார்கள். சனி ஞாயிறில் மட்டும் பிள்ளைகள் வருவார்கள், அதுவும் கடல் விட்டால்.

போனேன். பின்னேர வெயில் முற்றத்தில் கிடந்தது. அவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியபடி இருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இறங்குதுறையில் சொன்னது, செயலாளரிடம் சொன்னது, நேர்முகம், எல்லாம். சொல்லும்போது அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உன்ரை நேர்முகக் கதை எனக்குத் தெரியாது. செயலாளரிட்டைச் சொன்ன கந்தோர்க் கதையும் தெரியாது" என்றாள். "ஆனால் துறையிலை நீ சொல்லேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எப்பிடியடி?"

"அந்தாள் சிரிச்சவர். நான் சொன்னதைக் கேட்டவன் சிரிப்பானோ?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னைப் பேசு, அடி, வெளியே போ என்று சொல்லு என்று மனம் கெஞ்சியது. அவள் ஒன்றும் செய்யவில்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தாள்.

"இப்ப சொல்லு."

"என்னத்தை?"

"நான் அண்டைக்குச் சொன்னதை. சிங்களத்திலை. ஒண்டும் விடாமல் சொல்லு."

"இப்ப சொல்லி என்னடி..."

"சொல்லடி!"

சொன்னேன். இரத்தம் சுத்திகரிப்பது, விடியப் புறப்படுவது, ஊசி குத்திய கை, சின்னவள் அழுதுகொண்டு திரும்பிப் போவது, பாலம் வேண்டாம், றோட்டு வேண்டாம், கால் மணித்தியாலம் காணும், இந்தப் படகு நாளைக்கு நிற்காது, ஏறிப் பார்த்துவிட்டுச் சட்டம் எழுதுங்கள். ஒரு சொல்லையும் மெலிதாக்கவில்லை. அவளுக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுவதும் சொல்லி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

சாய்மனைக் கதிரையில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். மீன் வாங்க வருகிற லொறிக்காரரோடு பேசிப் பேசி அவருக்குச் சிங்களம் நன்றாக விளங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"ஒண்டும் விடாமல் வடிவாத்தான் சொல்லுறா" என்றார் மனைவியிடம்.

"ஓம்" என்றாள் அவள். "இப்ப சொல்லுறாள்."