திருச்செல்வம் ஏஜென்ட் பார்த்த கதை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு இருந்த திருச்செல்வத்துக்குச் சொந்த வீட்டு ஆசை தானாக வரவில்லை. அடுக்குமாடி வீட்டின் சொந்தக்காரர் ஒரு தீபாவளி முடிந்த கையோடு போன் செய்து, மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், அடுத்த தீபாவளிக்குள் வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்று சொன்ன பிறகுதான் வந்தது. கையில் ஒரு வருடம் இருந்தது. அதில் ஏழு மாதத்தைத் திருச்செல்வம் வீட்டு ஏஜென்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே செலவழித்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவேன் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அவர் எடைபோட்டு வேலைக்குச் சேர்த்த போர்க்லிப்ட் ஓட்டுநர் மூன்றாம் நாளே ஸ்டோர் சுவரை இடித்துத் தள்ளினார். சுவரைக் கட்டியது சரியில்லை என்று திருச்செல்வம் விளக்கம் கொடுத்தார்.

வாரத்தில் ஐந்து நாள் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. மேனேஜர் விரலைச் சொடுக்குவார், இவர் போவார். சனிக்கிழமை காலையில் மட்டும் போன் அடிக்கும். "பாஸ், கீழ கார்ல வெயிட் பண்றேன்" என்று ஏதாவது ஒரு ஏஜென்டின் குரல் வரும். திருச்செல்வம் உடனே கிளம்ப மாட்டார். கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை தலை வாருவார். பத்து நிமிடம் காக்க வைத்துவிட்டுத்தான் லிப்டுக்கே போவார்.

ஏஜென்ட்களை அவர் பெண் பார்ப்பதுபோலப் பார்த்தார். சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்தால் அலைகிறான். பின்னால் வந்தால் திமிர். சரியாக வந்தால், இவ்வளவு சரியாக வருகிறவன் நம்மிடம் எதையோ மறைக்கிறான். ஒருவரை, தன்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டதற்காகத் தள்ளினார். இன்னொருவர் கண்ணாடி அணிந்திருந்தார், அதையும் அடிக்கடி துடைத்தார். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் பெட்ரோல் போட்டு, டோல் கட்டி, கிள்ளான் வரைக்கும் கூட்டிப்போய், தே தாரிக் டீயும் ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுத்துத் திரும்ப இறக்கிவிட்டுப் போனார். அவர் மனைவி புனிதா ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்த்தாள். அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை. அதனால் வீடுகளைப் பற்றி அவள் கேட்கும்போதெல்லாம் ஏஜென்ட்களைப் பற்றித்தான் தகவல் கிடைத்தது.

ஐந்தாவதாக வந்தவள் குமுதா. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் பெயரும் பதிவு எண்ணும் போட்ட அட்டை, காலில் துணி ஷூ. அவள் ஓட்டி வந்த காரின் பின்கதவைப் பழைய பெல்ட் ஒன்றால் கட்டியிருந்தாள். ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே திருச்செல்வத்துக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணே, பேங்க்ல எவ்வளவு லோன் கெடைக்கும்னு கேட்டுட்டீங்களா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்லா. நீங்க வீட்ட காட்டுங்க."

கிள்ளானில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பு. வரிசை வீடு, மூன்று அறை. விலை குறைவாக இருந்தது. திருச்செல்வம் வாசலில் நின்று மீசையைத் தடவினார்.

"ஏன் இவ்வளவு கம்மியா போட்டிருக்காங்க?"

"தண்ணி ஏறும்ணே. மழ நாலு மணி நேரம் விடாம பேஞ்சா ஹால் வரைக்கும் வந்துரும். தெரிஞ்சு வாங்கறதுன்னா வாங்குங்க." காருக்குத் திரும்பும்போது குமுதா இன்னொன்றும் சொன்னாள். "எனக்குக் கமிஷன் குடுக்கறது விக்கிறவங்க. அதனால நான் சொல்றத மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டுராதீங்க. ஒங்க லாயர நீங்களே பாத்து வச்சிக்கங்க."

அன்று இரவு உணவின்போது திருச்செல்வம் தீர்ப்புச் சொன்னார். "தான் விக்கிற வீட்டையே கொற சொல்றா. தன்னையே நம்பாதங்கறா. இவளெல்லாம் ஒரு ஏஜென்டா?"

புனிதா அந்த ஏஜென்டின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டுவைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவதாக வந்தவர்தான் சுகுமாறன். வெள்ளை வேன் ஒன்று கப்பல்போல வந்து நின்று, கதவு தானாகத் திறந்தது. உள்ளே வாசனை, குளிர், குடிக்கத் தண்ணீர். சுகுமாறன் கோட்டுப் போட்டிருந்தார். மதியம் பன்னிரண்டு மணிக்கு, கோலாலம்பூர் வெயிலில். அவர் திருச்செல்வத்தை, கேட்காமலேயே வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். இறால் சொன்னார். திருச்செல்வம் சொன்ன எல்லாவற்றுக்கும் "கரெக்ட் பாஸ்" என்றார். சாப்பிட்ட கையோடு போனை நீட்டிப் பிடித்து, "என்னோட விஐபி கிளையன்ட், பாஸ் திருச்செல்வம்" என்று ஒரு வீடியோவும் எடுத்துப் போட்டார். அது ஆயிரத்து முந்நூறு தடவை பார்க்கப்பட்டது. அதில் இருநூறு தடவை பார்த்தது திருச்செல்வம்.

"இவன்தான் ஆளு" என்றார் புனிதாவிடம்.

"வீடு எப்படி இருக்குது?"

"அத நாளைக்குத்தான் காட்றான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புனிதாவும் போனாள். கிள்ளானில் அதே தாமான், இரண்டு தெரு தள்ளி. புதிதாக வெள்ளை அடித்த வீடு. ஆனால் சுவரின் கீழ்ப்பாதி மட்டும்தான் பளபளத்தது. புனிதா ஹாலைச் சுற்றி வந்தாள். சுவிட்சு பிளக் எல்லாம் அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தன. டிவி வைக்கும் இடத்தில்கூட.

"பிளக் ஏன் இவ்வளவு ஒயரத்துல இருக்கு?"

"அது மாடர்ன் டிசைன் ஆன்டி" என்றார் சுகுமாறன். "ஒங்க முதுகு வலிக்கக் கூடாதுல்ல."

திருச்செல்வம் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். முதுகைப் பற்றி நினைக்கிற ஏஜென்ட் யாருக்குக் கிடைப்பான் என்று அந்தப் பார்வை கேட்டது. புனிதா வெளியே போய், பக்கத்து வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மலாய் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினாள். அந்த அம்மா கையை இடுப்புக்கு மேலே வைத்து அளவு காட்டினார்.

திரும்பி வந்த புனிதா வெள்ளத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. "கழுத்துல போடற ஒங்க ஏஜென்ட் டேக் எங்க தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"ரினியூவலுக்குப் போயிருக்கு ஆன்டி. புக்கிங் காச இன்னிக்கே என் அக்கவுண்டுக்குப் போட்டுட்டா வீட்ட லாக் பண்ணிரலாம். ஆபிஸ் அக்கவுண்ட் ரொம்ப ஸ்லோ."

"புனிதா, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் திருச்செல்வம். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனைவிக்காகச் சுகுமாறனிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார். "நாளைக்குக் காலையில பேங்க்குக்குப் போயிட்டு நேரா காசோட வரேன்."

அவரைக் காப்பாற்றியது அவருடைய வயது. பேங்கில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எழுபது வயதுவரைக்கும்தான் கடன் என்றாள். பதின்மூன்று வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். மாதத் தவணையை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அது அவருடைய சம்பளத்தில் முக்கால்வாசி. "மனைவி வேலை செய்றாங்களா? அவங்களுக்கு வயசு என்ன?" என்று கேட்டாள். நாற்பத்தைந்து என்றார். "அப்ப அவங்க பேர்ல போடலாமே" என்றாள் அவள், பேனா மூடியைப் போடுவதுபோலச் சாதாரணமாக.

ஏழு மாதத்தில் ஒன்பது ஏஜென்ட்களில் ஒரே ஒருத்திதான் லோன் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருந்தாள். அது திருச்செல்வத்துக்கு நினைவு வந்ததா என்று தெரியவில்லை. அன்று முழுவதும் அவர் சுகுமாறனின் போனை எடுக்கவில்லை.

செய்தியைக் கேட்ட புனிதா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எம் பேர்ல லோன் போடறேன். ஏஜென்ட நான் பாக்கறேன்."

"ஒனக்கு ஆளப் பாக்கத் தெரியுமா?"

"நான் ஆளப் பாக்கப் போறதில்லைங்க. போன்ல பேசப் போறேன்."

மறுநாள் கிளினிக்கின் மதிய இடைவேளையில் அவள் மூன்று பேருக்குப் போன் செய்தாள். அவரவர் விளம்பரம் செய்திருந்த வீட்டைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்டாள். இந்த வீட்டை நீங்கள் ஏன் உங்களுக்கே வாங்கவில்லை? முதல் ஆள் சிரித்தார். இரண்டாவது ஆள், வீட்டில் ஒரு குறையும் இல்லை, தனக்கு ஏற்கெனவே நான்கு வீடு இருக்கிறது என்றார். மூன்றாவதாகப் பேசியவள் குமுதா.

"சமையக்கட்டு ரொம்பச் சின்னது அக்கா, ரெண்டு பேர் நிக்க முடியாது. பின்னால ரயில் போவுது, காலையில அஞ்சரைக்கே சத்தம் ஆரம்பிச்சிரும். கூரையில ஒரு எடத்துல ஒழுகுது, ஓனர் சரி பண்ணித் தரேன்னு வாயால சொல்றாரு, எழுதித் தரல. பார்க்கிங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரரோட சண்ட வரும், அவரு அப்படி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா மேட்டு நெலம். தண்ணி வந்ததில்ல. கிராண்ட் பத்திரத்துல பேரும் சுத்தமா இருக்கு."

புனிதா மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட்டு டப்பாவை மூடினாள். ஏஜென்ட் தேர்வு இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அந்த வீட்டையே வாங்கினார்கள். கூரையைச் சரிசெய்து தருவதை ஓனரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தாள் குமுதா. முன்பணம் அவள் கம்பெனிக் கணக்குக்குப் போய், ரசீது மறுநாளே வந்தது. லாயர் ஆபிஸில் கையெழுத்துப் போட்ட அன்று திருச்செல்வமும் கூடப் போனார். அவர் கையெழுத்துப் போட அங்கே இடமில்லை. புனிதாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். தொழிற்சாலையிலிருந்து கன்னையா வந்திருந்தார். அவரும் வீடு தேடிக்கொண்டிருந்தார். திருச்செல்வம் அவரை ஹாலில் உட்காரவைத்து, ஏஜென்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். காரைப் பார்க்கக் கூடாது. கோட்டைப் பார்க்கக் கூடாது. ஒரே ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்டால் போதும், பல வருட அனுபவத்தில் கண்டுபிடித்தது. கன்னையா போனில் குறித்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்து லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த குமுதா தலையை நிமிர்த்தவே இல்லை.

சமையலறையில் எல்லாம் புனிதாவின் காதில் விழுந்தது. அங்கே உண்மையாகவே இரண்டு பேர் நிற்க முடியவில்லை. கேஸ் சிலிண்டர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். "பேசினது போதும். வந்து இந்த சிலிண்டர நகத்துங்க."

"வரேன்" என்று எழுந்தார் திருச்செல்வம். இந்தத் தடவை பத்து நிமிடம் காக்க வைக்கவில்லை.