ஒறுத்தல் நாற்பது

1962ஆம் ஆண்டு ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மழையில்லை, காற்றுமில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் வெயில் வெள்ளையாக நின்றது. நேரம் இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டதும் நான் பார்த்தது வாசலை அல்ல, சுவர்க்கடிகாரத்தை. பயம் வந்தால் இன்றைக்கும் நான் முதலில் செய்கிற வேலை அதுதான்.

அதற்கு முந்திய சனிக்கிழமை இரவு, இராணுவத்திலும் பொலிஸிலும் இருந்த பெரிய அதிகாரிகள் சிலர் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டம் போட்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே அது பிடிபட்டுவிட்டது. ஒரு துவக்குக்கூட வெடிக்கவில்லை. பிடிபட்டவர்களில் அனேகர் கிறிஸ்தவர்கள் என்பது இரண்டு நாளில் ஊருக்குத் தெரிந்துபோனது. அதற்குச் சற்று முன்னர்தான் அரசாங்கம் சாமிமார் நடத்திய பள்ளிக்கூடங்களைத் தன் கையில் எடுத்திருந்தது. என் வகுப்பில் சிலுவை தொங்கிய இடத்தில், சுவரில் வெளிறிய சிலுவை ஒன்று மிஞ்சியிருந்தது. ஆகவே காரணம் தேடி யாரும் அலையவேண்டியிருக்கவில்லை. இது வேதக்காரரின் வேலை என்று கடையிலும் சொன்னார்கள், பஸ்ஸிலும் சொன்னார்கள். ஒழுங்கையின் முதல் வீட்டுச் சிங்கள அம்மா எங்களிடம் வாங்கிய முட்டைக் கிண்ணத்தை மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். அதுவரை அவர் எங்கள் குசினிக்குள்ளேயே வந்து தருகிறவர்.

எங்கள் அப்பா மன்னாரிலிருந்து போய் இராணுவத்தில் சேர்ந்தவர். சார்ஜன்ட். ஓர் அதிகாரியின் கார் ஓட்டுவது அவர் வேலை. அந்த அதிகாரியும் கத்தோலிக்கர். வீட்டில் நாங்கள் அவரை ஐயா என்றே சொல்வோம். சனிக்கிழமை பின்னேரம் அப்பா ஐயாவை எங்கேயோ கொண்டுபோய் இறக்கி, வாசலில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பது அம்மாவின் வாக்குமூலம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிப் பூசை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது கோயில் படிக்கட்டில் இரண்டு பேர் நின்றார்கள். அப்பா செபமாலையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அவர்களோடு போனார். ஐயாவை அதற்கு முன்பே கொண்டுபோய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வந்தவர்களும் இரண்டு பேர். ஒருவர் சிங்கள இன்ஸ்பெக்டர். வயதானவர், களைத்தவர், குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தவர். மற்றவர் மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பொலிஸ்காரர், யாழ்ப்பாணத்துச் சைவர். தொப்பியைக் கழற்றியபோது நெற்றியில் வியர்வையோடு கரைந்த திருநீறு தெரிந்தது. இரண்டு றங்குப்பெட்டி, ஓர் அலுமாரி, மெத்தை ஒன்று, படங்கள் ஐந்து. எல்லாவற்றையும் கிளறினார்கள். எதுவும் அகப்படவில்லை. இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல, பொலிஸ்காரர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. டிரைவர்மாரிலை கனபேரை விட்டாச்சு. இவரும் நாளைக்கு வந்திடுவார். இஞ்சை ஒண்டும் இல்லையெண்டு நாங்கள் எழுதிக் குடுத்தால் சரி."

அம்மா அழத் தொடங்கினார். மூன்று நாளாக அழாதவர். நாளைக்கு அப்பா வருவார் என்பது அந்த அறையில் நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டரின் கண் மாதா சுருவத்தின் காலடியில் கிடந்த என் கொப்பியில் விழுந்தது.

அந்தக் கொப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் அந்த வருடம் முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, எடுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஞானோபதேசம் படிப்பித்த கன்னியாஸ்திரி, ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய நல்ல பரிசு ஞானப் பூச்செண்டு என்று சொல்லித் தந்தார். அவருக்காக இத்தனை பூசை கண்டேன், இத்தனை செபமாலை சொன்னேன், இத்தனை ஒறுத்தல் செய்தேன் என்று எண்ணி, அந்தக் கணக்கை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பது. பூக்களுக்குப் பதில் எண்கள். எனக்காகவே கண்டுபிடித்த பரிசு என்று நினைத்தேன். நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு நாள் அப்பா சாப்பிடும்போது, "ஐயாவுக்கு ஏதோ ஒரு கருத்து இருக்காம், எங்களையும் செபிக்கட்டாம்" என்று சொல்லியிருந்தார். கத்தோலிக்கர் வீட்டில் கருத்து என்றால் கடவுளிடம் கேட்கிற காரியம். சுகம், கல்யாணம், பிள்ளைவரம், எதுவாகவும் இருக்கலாம். அது என்னவென்று அடுத்தவர் கேட்பதில்லை. நான் அட்டை செய்து அப்பாவிடம் கொடுத்தேன். கணக்கைக் கொப்பியில் கோடு கோடாகப் போட்டேன்.

ஒறுத்தல் என்று நான் செய்தவை: ஐஸ்பழம் வேண்டாமென்று சொல்வது, நுளம்பு கடித்த இடத்தைச் சொறியாமல் இருப்பது, சீனி போடாமல் தேத்தண்ணி குடிப்பது. சீனிதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் என்னால் முடியவில்லை. அட்டையில் நாற்பது என்று எழுதிவிட்டேன். முப்பத்தொன்றில் அலுத்துப்போய், கன்னியாஸ்திரி கொப்பி பார்க்கிற நாளுக்கு முதல் நாள், மிச்ச ஒன்பது கோட்டையும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டேன்.

பொலிஸ்காரர் கொப்பியை விரித்து உரக்க வாசித்தார். "ஐயாவின் கருத்து நிறைவேற. பூசை ஏழு. செபமாலை இருபத்தொன்று. ஒறுத்தல் நாற்பது."

பிறகு சிங்களத்தில் சொன்னார். ஒழுங்கையில் விளையாடிப் பழகிய சிங்களம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஐயாவின் திட்டம் நிறைவேறுவதற்கு ஏழு பூசை, இருபத்தொரு மாலை, நாற்பது தண்டனை. அவர் வேண்டுமென்று பிழையாகச் சொல்லவில்லை. ஒறுத்தல் என்றால் தண்டித்தல் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் படிப்பார்கள். கருத்தும் அவருக்குத் தெரிந்த கருத்துத்தான். தமிழ் ஒன்றுதான், கோயில் இரண்டு.

இன்ஸ்பெக்டர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"ஒறுத்தல் எண்டால் என்ன தங்கச்சி? ஆரை ஒறுக்கிறது?"

"ஆரையும் இல்லை அண்ணை. எங்களைத்தான்."

"உங்களை நீங்களே ஒறுப்பியளோ? என்ன கதை இது?"

"சீனியில்லாமல் தேத்தண்ணி குடிக்கிறது, ஆசைப்பட்டதைச் சாப்பிடாமல் விடுறது. அப்பிடி. இது சின்னப்பிள்ளை எழுதினது."

அவர் யோசித்தார். "விரதம் மாதிரியோ?"

"ஓம், ஓம். விரதம் மாதிரி. அதேதான்."

"அதை விரதமெண்டு எழுதியிருக்கலாமே" என்று அவர் சிரித்தார். இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, பிள்ளை பிடித்த விரதம் என்றார். இன்ஸ்பெக்டரின் தோள் இறங்கியது. அவரும் பௌர்ணமிப் போயா நாளில் விகாரைக்குப் போய்ப் பட்டினி கிடக்கிறவர்தானே. கொப்பியை மூடி என்னிடம் நீட்டினார்.

அதை நான் வாங்கியிருக்க வேண்டும்.

என் தலைக்குள் மூன்று நாளாக வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐயா நினைத்தது நடக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கிசுகிசுத்தது என் காதில் விழுந்திருந்தது. ஏன் நடக்கவில்லை என்பது அந்த நாட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது குறைந்தது. அப்பாவைப் பிடித்ததும் அதனால்தான். இப்போது ஒரு பெரிய மனிதர் அந்தப் பொய்க் கணக்கை உண்மையென்று நம்பி என்னிடமே திருப்பித் தருகிறார். அதை வாங்கினால் பொய் இரண்டாகும்; அப்பா ஒருநாளும் வரமாட்டார்.

"நாற்பதில்லை" என்றேன். "முப்பத்தொண்டுதான் முடிஞ்சது."

பொலிஸ்காரர் குனிந்தார். "என்ன முடிஞ்சது?"

"ஒறுத்தல். ஒம்பது மிச்சம். அது இனித்தான் செய்யவேணும்."

"டேய், வாயை மூடு" என்று அம்மா பாய்ந்து வந்தார். அவர் என் வாயைப் பொத்தியதுதான் கெடுதலாகிப்போனது. விரதத்தைப் பற்றிப் பேசுகிற பிள்ளையின் வாயை யார் பொத்துவார்கள்? இன்ஸ்பெக்டர், என்ன சொன்னான் என்று கேட்டார். பொலிஸ்காரர் இந்த முறை சிரிக்காமல் சொன்னார்: முப்பத்தொன்று முடிந்ததாம், ஒன்பது மிச்சமாம், இனித்தான் செய்யவேண்டுமாம். இன்ஸ்பெக்டர் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். பதினொரு வரி எழுதினார். கொப்பியை ஒரு கடித உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். நான் நல்ல காரியம் செய்தேன் என்ற நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

அப்பா திரும்பி வந்தது ஏப்ரல் எட்டாம் திகதி. மொத்தம் எழுபது நாள். முதல் இரண்டு நாளும் அரசாங்கத்தின் கணக்கு. மிச்சம் அறுபத்தெட்டும் என் கணக்கு. வழக்குப் போடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வேலையிலிருந்து மட்டும் நிறுத்தினார்கள். பதினாறு வருடச் சேவைக்கு ஓய்வூதியம் இல்லை. அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இரண்டாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"உண்மையிலை எத்தினை?"

"முப்பத்தொண்டு."

தலையாட்டினார். அவ்வளவுதான். அடிக்கவில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அப்பா சீனி வேண்டாம் என்றார். "சீனி கிடக்குதே, ஏன்?" என்று அம்மா கேட்க, அவர் குவளையை எடுத்து வெறும் தேத்தண்ணியைக் குடித்தார். அடுத்த நாளும் சீனி வேண்டாம். அதற்கடுத்த நாளும். வேலை போனதால் சீனிக்குக் காசில்லை என்று நான் தீர்மானித்து, என் குவளையிலும் அரைக் கரண்டி குறைத்தேன். எத்தனை நாள் என்று எண்ணினேன், அதிலென்ன ஆச்சரியம். பத்தாம் நாள் அவர் மூன்று கரண்டி போட்டுக் குடித்தார். எங்கிருந்தோ காசு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அப்பா 1984இல் மன்னாரில் இறந்தார். அடுத்த வருடம் நான் ஜெர்மனிக்கு வந்தேன். அகதி விசாரணையில் என் பேச்சை மொழிபெயர்த்தவரை மூன்று தடவை நிறுத்தி, நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. பிறகு கெல்சென்கிர்ச்சனில் ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்தாறு வருடம் பெட்டி எண்ணினேன்.

2016இல் துருக்கியில் இராணுவச் சதியொன்று ஓரிரவில் தோற்றபோது, எங்கள் தெருவிலிருந்த துருக்கிக் காய்கறிக் கடைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. கடைக்காரர் சதிகாரரோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்பட்ட மதக் குழுவைச் சேர்ந்தவர் என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். அவருடைய மகனை அந்தக் குழுவின் டியூஷனுக்கு அனுப்பினாராம், அதுதான் சாட்சி. இதை விளங்கிக்கொள்ளவேண்டிய மனிதன் அந்தத் தெருவில் ஒருவன் இருந்தானென்றால் அது நான்தான். பதினேழு நாள் நானும் அந்தக் கடைக்குப் போகவில்லை. எதிர்ப் பக்கத்தால் நடந்தேன்.

போன மாதம் வைத்தியர் எனக்குச் சீனியை நிறுத்தினார். ஒன்பதாம் நாள் காலை, வெறும் தேத்தண்ணியை வாயில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தொன்றும் ஒன்பதும் நாற்பது. எண்ணத் தெரிந்த எனக்கு இந்தக் கூட்டலைப் போட அறுபது வருடத்துக்கு மேல் எடுத்தது.

அப்பா அந்த ஒன்பதையும் ஐயாவுக்காகச் செய்தாரா, பிள்ளை கடவுளிடம் பொய்க்காரனாக நிற்கக்கூடாது என்று செய்தாரா? சதி தோற்ற பிறகும் நிறைவேற்ற ஏதோ மிச்சமிருந்தது என்றால், அந்தக் கருத்து சதியாக இருந்திருக்க முடியாது. வேறு ஏதோ, ஒரு நோயாளிப் பிள்ளையோ, என்னவோ. அல்லது அதுதானா? தெரிந்தே வாசலில் காத்திருந்தாரா? இதை எழுதும்போதும் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கிறேன். விடை ஒன்றாக வருகிறதில்லை.

அன்றைக்கே கோயில் அலுவலகத்துக்கு ரெலிபோன் பண்ணி, பூசை ஒன்று ஒப்புக்கொடுக்க ரெர்மின் கேட்டு நேரம் எடுத்தேன். மழை என்றபடியால் கீழ்வீட்டுத் தம்பி காரில் கொண்டுபோனார். தம்பி என்றாலும் ஐம்பத்தெட்டு வயது, யாழ்ப்பாணத்துச் சைவர்.

"என்ன அண்ணை, உங்கடை சாமியைப் பாக்கவும் ரெர்மினோ? எங்கடை அம்மனிட்டை ரிக்கற் மட்டும் எடுத்தால் காணும்."

"எங்களுக்கு ரிக்கற்றும் உண்டு, ரெர்மினும் உண்டு."

"அப்ப உங்கடை ஆள்தான் அசல் ஜெர்மன்காரன்."

அலுவலகப் பெண் பூசைப் புத்தகத்தைத் திறந்தார். யாருக்காக, இறந்தவருக்கா, உயிரோடு இருப்பவருக்கா, என்ன காரியம் என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒருவர் வேறொருவருக்காகக் கேட்டது, அது முடியாமல் நிற்கிறது, என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை. இப்படி வருகிறவர்கள் உண்டு, அதற்கு எங்களிடம் பழைய எழுத்து ஒன்று இருக்கிறது என்று சொல்லி, எழுதிக்கொண்டே வாசித்தார். "இன் பெசொன்டரர் மைனுங்."

"மைனுங் எண்டால் கருத்தெல்லோ அண்ணை?" என்றார் தம்பி. "சாமிக்கென்ன கருத்துக் கணிப்போ?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி நாற்பது. அந்தப் பெண் பற்றுச்சீட்டைக் கிழித்துத் தந்தார்.

ஐந்து யூரோ.