உலக்கைக் கால்

ஐயாத்துரை அண்ணையின் கால் இரண்டு தரம் முறிந்தது என்று எங்கள் குடியேற்றத்தில் இன்றைக்கும் சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவருடைய கால் முறிந்தது ஒரு தரம்தான். இரண்டாம் தரம் போனது அவர் வாசித்த டபிள் பேஸ் வாத்தியத்தின் கால். ஊர்வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு ஒன்றில்லை, ஏனென்றால் பக்கத்தில் இருந்து தபேலா வாசித்தவன் நான்.

முதல் முறிவை முதலில் சொல்கிறேன். ஐம்பத்துமூன்றாம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்த சனத்தோடு அவரும் மனைவி நாகேஸ்வரி அக்காவும் வந்தார்கள். கிளிநொச்சியிலிருந்து உள்ளே போகிற வாய்க்கால் றோட்டில், எங்கள் காணிக்கு அடுத்த காணி அவர்களுடையது. காடு வெட்டும்போது ஒரு பாலை மரம் அவர் நினைத்த பக்கம் விழவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துபோனது. முல்லைத்தீவிலிருந்து கச்சு முகம்மது என்ற முறிவுப் பரியாரியார் வந்து எலும்பைப் பொருத்தி, மட்டை வைத்துக் கட்டி, மாதக்கணக்காக எண்ணெய் போட்டு ஆளை எழுப்பினார். கால் பிழைத்தது. ஆனால் இரண்டு விரற்கடை கட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு ஐயாத்துரை அண்ணை நடந்தாலும் சாய்வு, நின்றாலும் சாய்வு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் வந்து அதே மாதிரி நடந்து காட்டுவார்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். நானாக இருந்தால் தடியெடுத்திருப்பேன்.

சேற்றில் நாள் முழுக்க நிற்க முடியாமற் போகவே, காணியை அக்காவிடம் விட்டுவிட்டுச் சில காலம் வவுனியா றெயில் ஸ்ரேசனில் காவல் வேலை பார்த்தார். அங்கே பறங்கியரான றெயில்வே காட் ஒருவர் தன் குவாட்டர்ஸில், பெரிய வயலின் மாதிரி இருக்கிற டபிள் பேஸ் வாசிப்பார். அந்த மனிதர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது அதைக் கொண்டுபோக வழியில்லை. பின்னேரம் பின்னேரமாக யன்னலடியில் வந்து நின்ற காவற்காரனைக் கூப்பிட்டு, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆளை விட உயரமான அந்த வாத்தியம் சாமான் றெயிலில் கிளிநொச்சிக்கு வந்து, சாக்கால் சுற்றி மாட்டு வண்டிலில் எங்கள் றோட்டால் வந்தபோது, பிரேதம் போகிறதாக்கும் என்று இரண்டொரு வீட்டில் படலையைச் சாத்தினார்கள். நாகேஸ்வரி அக்கா சாக்கை அவிழ்த்துச் சுற்றிவரப் பார்த்துவிட்டு, அலுமாரி என்றால் இதற்குத் தட்டு எங்கே என்று கேட்டார். அன்று தொட்டு எங்கள் பக்கத்தில் அதற்கு அலுமாரி என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, றேடியோவில் பாட்டுப் போகும்போது அதற்கு அடியில் என்ன சத்தம் ஓடுகிறது என்று தேடித் தேடித் தந்தியில் விரல் வைப்பார். முதல் மாதம் மாடுகளே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தன. அடுத்த மழைக்காலத்துக்குள் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார். பள்ளிக்கூடத்து தில்லைநாதன் மாஸ்டர் ஆர்மோனியத்தை வைத்து ஓர் இசைக்குழு நடத்தினார். கோயில் திருவிழா, கலியாண வீடு என்று போவோம். அலுமாரியின் சத்தத்தைக் கேட்ட மாஸ்டர் அவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

ஐயாத்துரை அண்ணை அந்தப் பேஸை ஏன் அப்படி விரும்பினார் என்பது எனக்குப் பக்கத்தில் இருந்து வாசித்த பிறகுதான் விளங்கியது. அதன் அடியில் ஓர் ஓட்டைக்குள்ளிருந்து ஓர் இரும்புக் கம்பி நீண்டு நிற்கும். அதைத்தான் நாங்கள் கால் என்போம். வேண்டிய உயரத்துக்கு இழுத்து ஒரு திருகாணியால் இறுக்கிவிட வேண்டும். பேஸை இடுப்போடு அணைத்துக்கொண்டு நிற்கும்போது அவருடைய பாரத்தில் பாதி அந்தக் கம்பிக்குப் போய்விடும். கட்டைக் காலுக்கு வேலை இல்லை. இரண்டு தோளும் ஒரு மட்டத்துக்கு வரும். அவர் எவ்வளவு உயரமான, வடிவான மனிதர் என்று அப்போதுதான் தெரியும். பாட்டு முடிந்து பேஸைச் சுவரோடு சாத்தினால் பழையபடி சாய்ந்துவிடுவார். அந்த மேடை ஒன்றில்தான் அவர் நேராக நின்றார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருக்கும், கவலையாகவும் இருக்கும்.

அறுபத்துமூன்றாம் ஆண்டுத் திருவிழாவில் அந்தத் திருகாணி தேய்ந்து கைவிட்டது. பாட்டின் நடுவில் கம்பி சர்ரென்று உள்ளே போய், பேஸ் ஒரு சாண் இறங்கியது. அவரும் அதோடு வளைந்து இறங்கினார். வளைந்தபடியே பாட்டு முடியும்வரை வாசித்தார், ஒரு தட்டும் பிசகவில்லை. சனமோ விழுந்து விழுந்து சிரித்தது. கூட்டத்தில் இருந்த நாகேஸ்வரி அக்கா எழும்பிப் போய்விட்டார்.

தில்லைநாதன் மாஸ்டர் கெட்ட மனிதரில்லை, மானத்துக்குப் பயந்த மனிதர். அடுத்ததாக வவுனியாவில் மரம் அறுத்து விற்கிற ஒரு மரக்காலை முதலாளி வீட்டுக் கலியாணம் இருந்தது. பெரிய இடம். அங்கே போய் இப்படி நடந்தால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார். கால் சரிவந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து கிற்றார்காரனைக் கூப்பிடுகிறேன், அதற்குப் பிறகு குழுவில் பேஸ் தேவைப்படாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அந்த மரியாதைக்கே கோபம் வந்தது.

ஐயாத்துரை அண்ணை கொல்லனிடம் போய்ப் புதுக் கம்பி அடிப்பித்தார். அது ஓட்டைக்குள் கலகலவென்று ஆடியது. வாசித்தால் தேனீக் கூட்டைக் கலைத்த மாதிரி இரைந்தது. செங்கல் வைத்துப் பார்த்தார், சிரட்டை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, கால் போச்சு, இனி வவுனியாவுக்குப் போகேலாது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

கடையில் நின்ற, கொக்கிளாயிலிருந்து கருவாடு விற்க வந்த சைக்கிள்காரன் அந்தக் கதையைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். கதை முல்லைத்தீவுக்குப் போய்ச் சேரும்போது அதில் ஐயாத்துரையின் கால் அதே இடத்தில் திரும்பவும் முறிந்து, மனிதர் பாயோடு கிடந்தார். கச்சு முகம்மது பரியாரியாருக்கு அது பெரிய அவமானம். தான் கட்டிய கால் எப்படிப் பிறகு முறியும்? எண்ணெய்ப் போத்தல், சீலைத் துண்டு, மட்டைக் கட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்சிலேயே ஏறி வந்து இறங்கினார்.

நான் அப்போது அங்கே நின்றேன். எருமைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்ற ஐயாத்துரை அண்ணை, வாங்கோ பரியாரியார் என்று சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். பரியாரியார் ஆளைக் கதிரையில் இருத்தி, காலை மடியில் தூக்கி வைத்து, மேலிருந்து கீழ்வரை அமத்திப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"கால் கல்லுமாதிரிக் கிடக்குது. எவன் தம்பி சொன்னது முறிஞ்சதெண்டு?"

"முறிஞ்ச கால் உள்ளை கிடக்கு, பரியாரியார்" என்றார் ஐயாத்துரை அண்ணை.

விசயம் விளங்கியதும் பரியாரியார் கருவாட்டுக்காரனின் பரம்பரையையே பேசினார். பேசி ஆறிய பிறகு, வந்ததுதான் வந்தேன், அந்த நோயாளியையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உள்ளே போனார். பேஸைக் கிடத்தி, கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இரும்பு மரத்தோடு பொருந்தாமல் ஆடுகிறது, நன்றாகக் காய்ந்த மரத்தில் ஒரு கால் செய்து இறுக்கிப் பொருத்தினால் நிற்கலாம், ஆனால் இது தன் தொழில் இல்லை, சொல்லத்தான் முடியும் என்றார். நாகேஸ்வரி அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அவ்வளவு தூரம் கொண்டுவந்த எண்ணெயை வீணாக்க மனமில்லாமல் என் தோள்மூட்டில் தேய்த்துவிட்டுப் போனார்.

வன்னியில் மரத்துக்கா பஞ்சம்? ஆனால் எங்கள் பக்கத்தில் கிடந்ததெல்லாம் பச்சை மரம். ஐயாத்துரை அண்ணை முதிரை மரத்தில் ஒன்று செதுக்கினார். சில நாளில் அது காய்ந்து சுருங்கி வெடித்துவிட்டது. கலியாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. வெடித்த கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தவருக்கு முன்னால் நாகேஸ்வரி அக்கா தன் உலக்கையைக் கொண்டுவந்து போட்டார்.

கருங்காலி உலக்கை. கலியாணத்துக்குத் தாய் கொடுத்துவிட்டது. ஒரு முனை நெல்லுக் குத்த, மறு முனை மா இடிக்க. எங்கள் சனம் உலக்கையைக் கடந்துகூட நடக்காது, அறுப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஐயாத்துரை அண்ணை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், விசர்க் கதை கதைக்காதை என்றார்.

"நெல்லுக்கு மில் வந்திட்டுது. அந்த முனை எனக்கு இனி என்னத்துக்கு? அறுங்கோ."

அவர் வெடித்த கட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்டைக்கு மேடையிலை நீங்கள் வளைஞ்சு நிண்டதைப் பாத்தனான். இன்னொருக்கால் என்னாலை பாக்கேலாது."

பிறகு அண்ணை மரம் அறுக்கிற வாளை எடுத்தார். நெல்லுக் குத்துகிற முனையில் ஒரு முழத்தைப் பூணோடு அறுத்தார். துண்டின் மேற்பாதியைப் பேஸின் ஓட்டைக்கு அளவாக உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். கீழ்ப்பாதியை முழுத் தடிப்பில் விட்டார். அந்தத் தடிப்பு ஓட்டை வாயில் முட்டிக்கொண்டு நிற்கும், இனி இறங்க வழியில்லை. பூணுக்குள் பழைய சைக்கிள் ரயர்த் துண்டொன்றை இறுக்கினார், வழுக்காது. உயரத்தைப் பார்த்தது நாகேஸ்வரி அக்கா. அண்ணை பேஸோடு நிற்பார், அக்கா படலையடிக்குப் போய் நின்று இரண்டு தோளையும் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் என்பார். இவர் கழற்றிச் சுரண்டுவார், திரும்பவும் நிற்பார். கருங்காலி லேசில் விட்டுக்கொடுக்கிற மரமில்லை. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தும் மனிதர் விடவில்லை. கடைசியில் ஒரு பின்னேரம் அக்கா ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். தோள் நேராகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கால் முறிந்த கதை வவுனியாவுக்கும் போயிருந்தது. மில் லொறியில் நாங்கள் போய் இறங்கியபோது கிற்றார்காரன் ஏற்கெனவே மேடையில் இருந்தான். கலியாண ஒழுங்குக்காக முன்னதாகவே அங்கே வந்திருந்த தில்லைநாதன் மாஸ்டர் ஐயாத்துரை அண்ணையின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முறிந்ததென்றார்களே என்று இழுத்தார்.

"முறிஞ்சது உண்மைதான் மாஸ்டர். புதுக் கால் போட்டுக்கொண்டு வந்திருக்கிறன்."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். ஒரு பாட்டு வாசியுங்கள், பேஸ் இறங்கினால் நீங்களாகவே மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்றார். அதே திருவிழாப் பாட்டைத்தான் எடுத்தார். வேண்டுமென்று எடுத்தாரோ, கைப்பழக்கத்தில் எடுத்தாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் தபேலாவைப் பார்க்கவில்லை, உலக்கைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பேஸ் இறங்கிய இடம் வந்தது. ஐயாத்துரை அண்ணை பயந்து தூக்கிப் பிடிக்கவில்லை. தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டு வாசித்தார்.

கால் நின்றது. அவரும் நின்றார். மரக்காலைப் பலகையால் போட்ட மேடை அது. பேஸின் சத்தம் அந்தக் கருங்காலிக்குள்ளால் இறங்கிப் பலகையில் ஓடி, சப்பாணி கட்டியிருந்த எனக்குக் கீழே வந்து அதிர்ந்தது. இரைச்சல் இல்லை, கலகலப்பு இல்லை, அப்படியொரு முழுச் சத்தம். கிற்றார்காரன் வாசிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான், அது அவனுடைய நல்ல குணம். மாஸ்டர் பாட்டு முடிந்ததும் யாரையும் பார்க்காமல், அடுத்த பாட்டுக்கு நீங்கள் முதல் சத்தத்தைத் தாங்கோ அண்ணை, நாங்கள் பின்னால் வாறம் என்றார். கலியாண வீடு கலையும்வரை ஐயாத்துரை அண்ணை நேராக நின்று வாசித்தார். பெண்கள் பக்கத்தில் இருந்த நாகேஸ்வரி அக்கா அன்றைக்கு எழும்பிப் போகவில்லை.

நான் இதோடு முடிந்ததென்றுதான் நினைத்தேன். பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் மா அரிக்க அரிதட்டு வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். குசினிக்குப் பின்னால் நாகேஸ்வரி அக்கா மா இடித்துக்கொண்டிருந்தார். ஒரு முழம் குறைந்த உலக்கை அல்லவா? ஒவ்வொரு இடிக்கும் இடுப்பை வளைத்துக் குனிந்து குனிந்து எழும்பினார். புது உலக்கை வாங்கவில்லையா என்று கேட்டேன். அம்மா தந்த உலக்கை, வேறொன்று கைக்கு வராது, பழகிவிட்டது என்றார். அண்ணை வயலுக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் இடிப்பதாகவும் சொன்னார். ஏனென்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ஐயாத்துரை அண்ணை மண்வெட்டியை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தார். அக்கா குனிந்து இடிப்பதைக் குசினி மூலையில் நின்று கண்டுவிட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் விடிய அவர்கள் வளவில் கோடரிச் சத்தம் கேட்டது. முழ உயரத்துக்கு ஒரு பாலைக் கட்டையைத் தறித்து, அடியை நிலத்தில் இறுக்கி, மேற்புறத்தைக் குடைந்து, உரலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தார். நாகேஸ்வரி அக்காவைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னார். தான் படலையடிக்குப் போய் நின்று அவருடைய தோளைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்றார். உரலை இறக்கி, கட்டையைச் செதுக்கி, திரும்பவும் தூக்கி வைத்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இனி ஊர் என்ர காலும் முறிஞ்சதெண்டு சொல்லப் போகுது."

சொல்லிவிட்டு உலக்கையை எடுத்து இடிக்கத் தொடங்கினார். முதுகு வளையவில்லை. ஐயாத்துரை அண்ணை படலையடியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.