பிரேக்கை மிதித்தது யார்?

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு. கிருஷ்ணகிரியில் என் மனைவி ஹேமாவின் சித்தி வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பெங்களூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் ஓட்டியது ஹேமா. பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னது நான்.

சூளகிரி மேட்டில் ஏறும்போது டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதுவரை நாங்கள் பார்த்தே இராத விளக்கு!

வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். கியர்பாக்ஸ் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதாம். ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்தால்... கருகிய வாடை.

வண்டி ஆறட்டும் என்று அரை மணி நேரம் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். நான் அந்த அரை மணியை வீணாக்கவில்லை.

“நீ பிரேக்ல கால வெச்சுக்கிட்டே ஓட்டற. அதான் இப்படி.”

“இல்லைங்க. வெக்கல.”

“உனக்கே தெரியாம வெக்கற.”

சும்மா சொல்லவில்லை. என்னிடம் ஆதாரம் இருந்தது. இரண்டு வாரம் முன்பு ரிச்மண்ட் ரோடு சிக்னல் தாண்டியதும் ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, “காலு தெகீரி மேடம்!” என்று கத்திவிட்டுப் போனார். பிரேக்கிலிருந்து காலை எடுங்கள் என்கிறார், கன்னடத்தில். இந்த ஞாயிறு காலையில் கிருஷ்ணகிரியில் அவள் ரிவர்ஸ் எடுத்தபோது நானே பின்னால் நின்று பார்த்தேன். பிரேக் விளக்கு ஒரு நொடிகூட அணையவில்லை. இரண்டு சாட்சிகள்! ஒரு கணவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

“கியர் வண்டி ஓட்டிப் பழகினவங்க எல்லாரும் பண்ற தப்புதான் இது” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். “ஆட்டோமேட்டிக்ல இடது காலுக்கு வேலை இல்ல பாரு... அது சும்மா இருக்க முடியாம பிரேக் மேல போய் உக்காந்துக்கும்.”

ஹேமா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“என் இடது கால் தானா எழுந்து போய் பிரேக்கை மிதிக்குதுன்னா, மெக்கானிக்குக்கு வேணாம், என் டாக்டருக்குப் போன் போடுங்க. ரொம்ப சந்தோஷப்படுவார்.”

இரண்டு வருடம் முன்பு ஸ்கூட்டரில் போகும்போது ஒரு லாரி உரசி விழுந்தாள். மூன்று ஆபரேஷன். நடக்கிறாள், படி ஏறுகிறாள். ஆனால் இடது பாதத்தைத் தூக்க வராது, அதில் உணர்ச்சியும் குறைவு. கிளட்சை மிதிக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருடம் ஆட்டோவுக்கும் எனக்கும் காத்திருந்தே கழித்தாள். அப்புறம்தான் தேடிப் பிடித்து, பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினோம். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவே வந்து குனிந்து பார்த்தது — கிளட்ச் இல்லாத காரா!

முதல் நாள் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் அவள் ஆபீஸுக்குத் தனியாக ஓட்டிப்போய், போன் செய்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். “வந்துட்டேன்.”

இதெல்லாம் தெரிந்த நான்தான் புளியமரத்தடியில் நின்று அப்படிப் பேசினேன். சரி, வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தியரியை விட்டேனா? அதெப்படி விட முடியும்? வலது காலாலேயே ஏதோ செய்கிறாள் என்று திருத்திக்கொண்டேன்.

ஏசியை அணைத்து, இரண்டு இடத்தில் நிறுத்தி, உருட்டிக்கொண்டு வீடு சேர்ந்தோம்.

“வித்துடலாம் ஹேமா. ஒரு டிரைவர் வெச்சுக்கலாம்” என்றேன். அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

திங்கள், செவ்வாய், புதன்... மூன்று நாளும் ஆட்டோ. மீட்டருக்கு மேல் கேட்கிறவர்களிடம் கன்னடத்தில் சண்டை போட்டபடி கிளம்புவாள். கார் சாவியைத் தொடவில்லை. புதன்கிழமை காபி குடிக்கும்போது, கோப்பையைப் பார்த்தபடி கேட்டாள்.

“ஒருவேளை நான்தான் மிதிக்கறேனோ? கால்ல சரியா உணர்ச்சி இல்லாததால எனக்குத் தெரியலையோ?”

இதைக் கேட்டு நான் ஜெயித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் லிங்கராஜபுரத்தில் பிரான்சிஸ் என்கிற மெக்கானிக்கிடம் போனோம். மஸ்கட்டில் பதினைந்து வருடம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்த்தவராம். ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

“யாரு ஓட்டறது?”

“அவங்கதான்...” என்று ஆரம்பித்தேன்.

“அப்ப மேடம் ஓட்டட்டும். நா முன்னாடி குந்தறேன். நீங்க பின்னாடி போங்க சார்.”

அவுட்டர் ரிங் ரோடில் எழுபது வேகத்தில் சீராகப் போனோம். பிரான்சிஸ் ரோட்டைப் பார்க்கவில்லை. ஹேமாவின் பாதத்தையும் இன்ஜின் வேகம் காட்டும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மேடம் காலு பிரேக் பக்கமே போவல. ஆனா லாக் ஆவமாட்டேங்குது.”

“எது லாக் ஆகணும் அண்ணா?” என்றாள் ஹேமா.

“இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல டார்க் கன்வர்ட்டர்னு ஒரு டப்பா மேடம். உள்ள ஃபுல்லா ஆயில். ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வெச்சு ஒண்ணை மட்டும் போட்டா, அந்தக் காத்துலயே இன்னொண்ணும் சுத்துமில்ல? அதே கதைதான். ஆனா ரெண்டாவது எப்பவும் கொஞ்சம் பின்தங்கும். அந்த வழுக்கல் பூரா சூடாயி ஆயில்ல எறங்கும். சீரா ஓட ஆரம்பிச்சா உள்ள ஒரு பிளேட்டு ரெண்டையும் சேத்துப் புடிச்சு லாக் பண்ணிடும். வழுக்கலும் இல்ல, சூடும் இல்ல, இந்த முள்ளும் கொஞ்சம் கீழ எறங்கும்.”

“இப்ப ஏன் பிடிக்கல?”

“பிரேக் மிதிச்சா அது வுட்டுடணும். இல்லாட்டி இன்ஜின் நின்னு பூடும். உங்க வண்டி என்னா நெனைக்குதுன்னா... மேடம் எப்பவும் பிரேக்லயே இருக்காங்கன்னு.”

வண்டியும் என் கட்சி!

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் பிரான்சிஸ் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டார். பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்விட்ச். பெடலை மிதித்தால் பின் விளக்கு எரிவதும், லாக் விடுபடுவதும் அதனால்தான். சாவி போட்டதிலிருந்து அணைக்கும்வரை அது மிதிக்காமலே மிதித்த மாதிரி நின்றிருந்தது.

“நட்டுல ஸ்பேனர் காயம் புதுசா இருக்குது” என்றார் உள்ளேயிருந்து. “சமீபத்துல யாரு கை வெச்சது?”

ஹேமா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

ஒரு மாதம் முன்பு பிரேக் விளக்கு சரியாக எரியவில்லை. இதற்கெல்லாம் மெக்கானிக்கா என்று, கால் வெளியே தலை உள்ளேயாகப் படுத்து நானே அந்த நட்டைத் திருகினேன். கீழ்வீட்டு ராவ் பின்னால் நின்று, “பந்த்து, பந்த்து!” என்று குரல் கொடுத்தார். விளக்கு வந்துவிட்டதாம். வந்ததா என்று நான் கேட்டேன். வந்தது என்று அவர் சொன்னார். போனதா என்று நானும் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

“நான்தான்” என்றேன்.

பிரான்சிஸ் ஸ்விட்சைச் சரி செய்து, கருகின ஆயிலை இறக்கிப் புதுசு ஊற்றினார். இன்னும் ஒரு மாதம் இப்படியே ஓடியிருந்தால் கியர்பாக்ஸே போயிருக்குமாம். கையைத் துடைத்துக்கொண்டு சாவியை என்னிடம் தரவில்லை, ஹேமாவிடம் தந்தார்.

“உங்க காலு மேல ஒரு தப்பும் இல்ல மேடம்.”

“நெஜமா அண்ணா?” என்றாள். உடனே ஏறி வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் நான் யோசனை எதுவும் சொல்லவில்லை.

மற்றவர்கள் மேல் நாம் கண்டுபிடிக்கிற தப்புகளுக்கு எப்போதும் ஆதாரம் கிடைத்துவிடுகிறது, கவனித்தீர்களா? அந்த ஆதாரத்தைத் தயார் செய்தது யார் என்றுதான் யாரும் பார்ப்பதில்லை.

போன ஞாயிறு அவளே சொன்னாள், “மறுபடி கிருஷ்ணகிரி போலாம்.” திரும்பும்போது அதே சூளகிரி மேடு. ஏறி முடித்து ரோடு சமமானதும் முள் லேசாகக் கீழே இறங்கியது. “லாக் ஆயிடுச்சு!” என்றாள், குழந்தை மாதிரி. மஞ்சள் விளக்கு எரியவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. ஹேமா எடுத்தாள். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புதன்கிழமை அவளுக்குத் தெரியாமல் பேப்பரில் ஒரு விளம்பரம் கொடுத்திருந்தேன்: ‘ஆட்டோமேட்டிக் கார் விற்பனைக்கு. பெண்மணி ஓட்டியது. மிக நல்ல நிலை.’ பிரான்சிஸிடம் பட்ட வெட்கத்தில் அதை நிறுத்த மறந்தே போனேன்.

போன் செய்தவர் விளம்பரம் பற்றிச் சொன்ன முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“கார் குடுக்கறதா இல்லைங்க. பிரேக் ஸ்விட்ச் திருகத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார். வேணுமா?”

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள்.