கூடுதலாக நடந்த இரண்டரை மணி நேரம்

விமானம் என்ன வேகத்தில் போகும் என்பதை நான் தெரிந்துகொண்டது அம்மாவின் காலை வைத்துத்தான். சொன்னால் சிரிப்பீங்க, பிள்ளைங்களா. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நான் ஆறாவது படித்தபோது அப்பா சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். மெட்ராஸிலிருந்து கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டராம், நாலே மணி நேரத்தில் போய்விடலாமாம் என்று அப்பா சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மலையைச் சுற்றி வரப் பதினாலு கிலோமீட்டர்தான். அதற்கே நாலு மணி நேரம் ஆகும்.

அம்மா அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. அவர் கால் தரையில் படுகிறவரைக்கும் என் கால் ஓயாது என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டாள்.

மெட்ராஸ் பஸ் ஏறும் முன் அப்பா தன் வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினார். விமான நேரம் எழுதின சீட்டை என் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு, விமானம் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக, ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு நானும் அம்மாவும் செருப்பில்லாமல் நடந்தோம். தண்ணீர்கூட நடந்துகொண்டேதான் குடித்தோம்.

இரண்டு மணிக்குக் கோபுரத்துக்கே வந்து சேர்ந்தோம். சோடா வேணும் என்று கேட்டது நான்தான். சோடாக் கடை பெஞ்சில் அம்மா உட்கார்ந்து, "உங்கப்பா இறங்கியிருப்பாருடா" என்றாள். நான் சும்மா இருக்காமல் சீட்டை எடுத்துப் படித்தேன். கிளம்புவது பத்து மணி. சேருவது நாலரை மணி.

வாட்சில் இரண்டேகால்.

"அம்மா, அப்பா இன்னும் மேலதாம்மா இருக்காரு."

அம்மாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததேயில்லை. "நான் உக்காந்துட்டனேடா" என்றாள். அவ்வளவுதான். பாதி சோடாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். ஆசிரமத்தைத் தாண்டும்போது உள்ளங்காலில் கொப்பளம் உடைந்தது. நான் கேட்ட சோடாவால் விமானத்துக்கு என்ன ஆச்சோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஆதி அண்ணாமலை தாண்டி நாலரை ஆனதும் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

சாயங்காலம் எங்கள் தெரு டெலிபோன் கடைக்கு அப்பாவின் போன் வந்தது. அம்மா "சரிங்க, சரிங்க" என்றதோடு சரி. கடைக்காரர்தான் வாங்கிப் பேசிவிட்டு எங்களுக்குச் சொன்னார்: "ரெண்டு மணிக்கே இறங்கிட்டாராம்மா. அந்த ஊரு கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுதாம். நீங்க ஜாஸ்தியா நடந்துட்டீங்க."

எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. ஒரே சூரியன், அதற்கு இரண்டு மணியா? கொப்பளத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்கு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அம்மா மறுபடியும் கிளம்பினாள். அப்பாதான் அன்றைக்கே இறங்கிட்டாரே, இன்னும் எதுக்கு நடக்கற என்று கேட்டேன். அம்மா மணி கேட்டாள். சொன்னேன். அங்கே எத்தனை என்றாள். இரண்டரையைக் கூட்டிச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் படி இறங்கினாள்.

இறங்கிவிட்ட விமானத்துக்காக ஒருத்தி மாசாமாசம் எதற்கு நடக்க வேண்டும் என்று எனக்குப் புரியவேயில்லை. அப்பா திரும்பி வந்து எங்கள் ஊர்த் தரையில் கால் வைக்க மூன்று வருஷம் ஆனது.