ஜின்ஜுவுக்குப் போன புலிக் கம்பளி

கார்மேகம் கமுதிப் பக்கத்து ஆள். ஷார்ஜா முவைலாவில் எங்கள் ரூமில் என் தலைக்கு மேல் கட்டில் அவனுடையது. ஒரு கொரியக் கம்பெனியில் டிரைவர். ஜங் என்ற இன்ஜினியரைத் தினமும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு துபாய் சைட்டுக்குப் போய்த் திரும்புவான். 2004-ல் அந்த ரோட்டில் டிராஃபிக் என்றால் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தாலும் முன்னால் நின்ற லாரி அங்கேயே நிற்கும். எத்தனை நேரம்தான் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது? ஜங் தன் ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாதி இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி, மீதி கை ஜாடை.

ஊர் பேர் ஜின்ஜு. நடுவில் நம்காங் என்று ஒரு ஆறு. அதில் தண்ணி ஓடுமா என்பதுதான் கார்மேகம் கேட்ட முதல் கேள்வி; எங்கள் பக்கத்து ஆற்றிலெல்லாம் மணல்தான் ஓடும். வருஷம் பூராவும் ஓடும் என்று ஜங் சொன்னதும், இவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டானாம்.

அன்றிலிருந்து ரூமில் வெங்காயம் உரிக்கிற நேரமெல்லாம் ஜின்ஜுதான். ரொம்பப் பெரிய ஊருமில்லை, பட்டிக்காடுமில்லை. ஜனம் மூன்று லட்சத்துச் சொச்சம். ஆறு ஊரை வளைத்துக்கொண்டு போகும். கரைமேல் கோட்டை, அதற்குள் ஆற்றைப் பார்த்தபடி தூண் வைத்த பெரிய மண்டபம். ஜப்பான்காரன் கோட்டையைப் பிடித்த காலத்தில் நோன்கே என்ற பெண் பத்து விரலிலும் மோதிரம் போட்டுக்கொண்டு, எதிரித் தளபதியைப் பிடி நழுவாமல் கட்டிப்பிடித்து, பாறையிலிருந்து ஆற்றில் குதித்துவிட்டாளாம். இன்றைக்கும் பாலத்துத் தூணில் அவள் நினைவாகத் தங்க நிறத்தில் மோதிரம் மாட்டியிருக்கிறார்களாம். பட்டு நெசவு உண்டு. மாட்டுச் சண்டை உண்டு. அங்கே மாடும் மாடும்தான் முட்டிக்கொள்ளும், மனுஷன் வேடிக்கை பார்ப்பதோடு சரி. அக்டோபரில் ஆறு முழுக்க விளக்கு மிதக்கும். அந்தக் காலத்தில் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட சிப்பாய்கள், 'நாங்கள் உயிரோடு இருக்கிறோம்' என்று வெளியே இருந்த குடும்பத்துக்குச் சொல்ல விளக்கை ஆற்றில் விட்டதாகக் கதை.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போகாத ஊருக்கு இவன் ரேஷன் கார்டு வாங்கிவிடுவான் போல என்று கேலி பேசுவேன். அவன் பல்லைக் காட்டிவிட்டு ஜின்ஜுவில் அடுத்த தெருவைச் சொல்லப் போவான்.

அந்தக் கம்பெனி வருஷத்துக்கு ஒரு வேலைக்காரனைப் பொறுக்கி எடுத்துக் கொரியாவைச் சுற்றிக் காட்டும். அந்த வருஷம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய கார்மேகத்துக்கு அந்த யோகம் அடித்தது. அக்டோபரில் பயணம். ஆனால் டூர் முழுக்க சியோல்தான்: ஹெட் ஆபீஸ், அரண்மனை, ராட்டினம். ஜின்ஜு அங்கிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். லிஸ்டிலேயே இல்லை. இரண்டு தடவை லீவு தள்ளிப்போய் மனைவியையும் மகளையும் பார்க்காமல் கிடந்த ஜங், வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை.

கேட்கவா வேண்டும்? ஒருத்தன் ஊருக்குப் போகிறான் என்றால் அந்த ஊர்க்காரன் வீட்டுக்குப் பார்சல் போகாமல் இருக்குமா? அட்டைப்பெட்டி வந்துவிட்டது. எதிர்க் கட்டில் மாயாண்டி டாங் ஜூஸ் பவுடர் டப்பாவும் கோடாலித் தைலமும் வைத்தான். கீழே பகாலா என்கிற மளிகைக் கடை நடத்துகிற கீழக்கரை கலீல் காக்கா பேரீச்சம்பழமும் பால் பவுடரும் கொடுத்தார். கேலி பேசிய நான் சும்மா இருந்தால் மரியாதையா? ரோலா கடைத்தெருவில் நடையாய் நடந்து, புலி படம் போட்ட கனத்த கம்பளி ஒன்று வாங்கி வந்தேன். அவரவர் சாமானில் அவரவர் பேரை மார்க்கரில் எழுதி, பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிய பிறகு, காக்கா மெதுவாகக் கேட்டார்.

"சீதாராமன், அந்தக் கம்பளி ஓரத்துல இருக்குற சீட்டப் படிச்சீங்களா? மேட் இன் கொரியா."

ரூம் குலுங்கச் சிரித்தார்கள். கயிற்றை அவிழ்க்க கார்மேகம் விடவில்லை. புலி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றான்.

சியோலில் நடந்ததை அவன் வந்துதான் சொன்னான். டூருக்குப் பொறுப்பாக வந்த பெண், ஜின்ஜுவுக்கு நேரம் கிடையாது, பெட்டியைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றிருக்கிறாள். அரண்மனை வாசல் வரை பெட்டியைத் தோளில் சுமந்து போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "இந்தப் பெட்டியக் குடுக்காமப் போனா ரூம்ல எவன் மூஞ்சில முழிக்கிறது?" என்று தமிழிலேயே கேட்டானாம். அவளுக்கு என்ன புரிந்ததோ, ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டாள். மறுநாள் மற்றவர்கள் ராட்டினம் ஏறியபோது அவளும் இவனும் ஜின்ஜு பஸ் ஏறினார்கள்.

திரும்பி வந்த வெள்ளிக்கிழமை ஜங் எங்கள் ரூமுக்கு வந்தார். அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கார்மேகம் ஒரு உறையைக் கொடுத்தான். உள்ளே ஒரு போட்டோ. சாயங்கால ஆற்றங்கரையில் என் புலிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாள். கையில் தாமரை மாதிரி ஒரு காகித விளக்கு, அதன் மேல் வரிசையாகக் கொரிய எழுத்து.

ஜங் விரல் வைத்துப் படித்தார். முதலில் அப்பா என்று இருந்தது. பிறகு நிறுத்தி நிறுத்தி, "கா-ரு-மே-காம்... மா-யான்-தி... கால்-லில்..." பெட்டிக்குள் இருந்த பேரையெல்லாம் கார்மேகம் வாசித்துக் காட்ட, அவள் எழுதியிருக்கிறாள். கடைசியில், "சி-தா-ரா-மான்."

ஜங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார். எங்களுக்கும் அதே கதிதான். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்கு அந்தக் கார்மேகத்தைத் தூக்கிச் சுற்றியிருப்பேன், பயல் கனம்.

அடுத்த அக்டோபரில் ஜங்குக்கு லீவு கிடைத்தது, அது வேறு கதை. அன்றைக்கு மாலையே நான் ஊருக்குப் போன் போட்டேன். என் மனைவி அகிலா எப்போதும்போல, நல்லாயிருக்கீங்களா என்று கேட்டாள். எப்போதும் ஒப்புக்குத்தான் பதில் சொல்வேன். அன்று, கொரியாவில் ஒரு ஆற்றில் என் பேரை விளக்கில் எழுதி மிதக்க விட்டிருக்கிறார்கள், நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம் என்றேன்.

அவள் கேட்டாள்.

"அந்த ஆத்துல தண்ணி ஓடுதா?"

"ஓடுது" என்றேன். "வருஷம் பூராவும் ஓடுது."